மாவட்ட மருத்துவக் கல்லூரியில் மாணவருக்கும் ஆசிரியருக்கும் துணை நிற்பது எப்படி? படிப்படியாக ஒரு முழு வழிகாட்டி

மாவட்டத் தலைநகரில் இருக்கும் அரசு மருத்துவக் கல்லூரிக்கு உங்களுக்கு மாறுதல் ஆர்டர் வந்திருக்கிறதா? அல்லது அங்கேயே துணை முதல்வர், வார்டன், மருத்துவக் கல்விப் பிரிவு ஒருங்கிணைப்பாளர் என்று ஏதாவது ஒரு பொறுப்பை உங்கள் தலையில் வைத்திருக்கிறார்களா? அப்படியென்றால் இதைக் கடைசிவரை படியுங்கள். நான் பிசியாலஜி (உடலியங்கியல்) ஆசிரியர். பெரிய நகரத்தின் பழைய கல்லூரியிலும் பாடம் எடுத்திருக்கிறேன், ஊருக்கு வெளியே பொட்டல் காட்டில் புதிதாக எழும்பிய கல்லூரியிலும் எடுத்திருக்கிறேன். இரண்டும் ஒரே பல்கலைக்கழகம், ஒரே பாடத்திட்டம், ஒரே கேள்வித்தாள். ஆனால் உள்ளே வாழும் வாழ்க்கை வேறு.

2022 ஜனவரி 12 அன்று தமிழ்நாட்டில் ஒரே நாளில் 11 அரசு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டன: விருதுநகர், நாமக்கல், நீலகிரி, திருப்பூர், திருவள்ளூர், நாகப்பட்டினம், திண்டுக்கல், கள்ளக்குறிச்சி, அரியலூர், ராமநாதபுரம், கிருஷ்ணகிரி. மொத்தம் 1,450 எம்.பி.பி.எஸ். இடங்கள். நம் மாநிலத்துக்கு இது மிகப் பெரிய விஷயம், அதில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை. ஆனால் 1835-இல் தொடங்கிய சென்னை மருத்துவக் கல்லூரியிலும் 1954-இல் தொடங்கிய மதுரையிலும் யாரும் கட்டளையிடாமலே நடக்கிற பல காரியங்கள் புதுக் கல்லூரியில் யாராவது உட்கார்ந்து உருவாக்கினால்தான் நடக்கும். வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) என்ன கேட்பார்கள் என்று சொல்லித்தர சீனியர், ராத்திரி வார்டில் கைபிடித்துச் சொல்லித்தர முதுநிலை மாணவர், கேட்டுக்கு எதிரே பழைய புத்தகக் கடை, நள்ளிரவிலும் டீ கிடைக்கிற இடம். 2022 தொடக்கத்தில் சேர்ந்த முதல் பேட்ச்சுக்கு இவற்றில் பெரும்பாலானவை இல்லை.

அந்தக் காலியிடத்தை எந்த வரிசையில் நிரப்புவது என்பதுதான் இங்கே விஷயம். பலரும் மாணவரிடமிருந்து தொடங்குவார்கள். நான் ஆசிரியரிடமிருந்து தொடங்கச் சொல்கிறேன். ஏன் என்று போகப் போகப் புரியும்.

படி 1: வகுப்பு தொடங்கும் முன் இடத்தை நடந்து பாருங்கள்

சேர்ந்த முதல் வாரத்திலேயே, ஒரு மாணவியாக உங்களை நினைத்துக்கொண்டு, விடுதி அறையிலிருந்து வகுப்புக்கும் அங்கிருந்து ஆஸ்பத்திரிக்கும் ஒரு தடவை போய்ப் பாருங்கள். காரில் வேண்டாம். சில ஊர்களில் கல்லூரியும் மருத்துவமனையும் ஒரே வளாகம். சில ஊர்களில் கல்லூரி பைபாஸ் பக்கமாக இருக்கும், மருத்துவமனையின் ஒரு பகுதி பழையபடி பேருந்து நிலையத்துக்கு அருகிலேயே இருக்கும். அப்படிப்பட்ட இடத்தில் வார்டுப் பயிற்சியான கிளினிக்ஸ் போஸ்டிங் முடிந்து மதியம் ஒன்றரைக்கு வகுப்புக்குத் திரும்ப வேண்டிய பிள்ளைகள் எப்படி வருகிறார்கள்? பிரசவ வார்டு போஸ்டிங்கில் ராத்திரி பத்து மணிக்கு முடித்தால் மாணவிகளை விடுதியில் கொண்டுவந்து விடுவது யார்? கல்லூரிப் பேருந்தா, ஆம்புலன்ஸ் டிரைவரின் தயவா?

கூடவே இவற்றையும் பாருங்கள்: குடிதண்ணீர், கழிவறைத் தண்ணீர், விடுதியில் செல்போன் சிக்னல், மின்தடை வந்தால் ஜெனரேட்டர் படிப்பறைக்கும் வருமா, இரவு ஒன்பதுக்கு மேல் சாப்பிட என்ன கிடைக்கும், பக்கத்து ஏ.டி.எம். எவ்வளவு தூரம். சின்ன விஷயமாகத் தெரியும். முதல் மாதத்தில் "திரும்பிப் போயிடலாமா" என்று ஒரு பிள்ளை நினைப்பது பெரும்பாலும் அனாட்டமி கஷ்டத்தால் அல்ல, தண்ணீர் வராத குளியலறையால்தான்.

பார்த்ததை ஒரே தாளில் எழுதுங்கள். எலக்ட்ரீஷியன் நம்பர், வார்டன் நம்பர், கடைசிப் பேருந்து நேரம், இரவில் திறந்திருக்கும் மருந்துக்கடை. பெற்றோர் வரும் முதல் நாள் அந்தத் தாளைக் கையில் கொடுங்கள். தகரப் பெட்டியோடு பஸ் பிடித்து வந்திருக்கும் ஒரு அப்பாவுக்கு அரை மணி நேர வரவேற்புரையைவிட அந்தத் தாள்தான் தைரியம் தரும்.

படி 2: முதலில் ஆசிரியரைக் கவனியுங்கள்

புதுக் கல்லூரிக்கு வரும் உதவிப் பேராசிரியர்களில் பலர் அப்போதுதான் எம்.டி. முடித்தவர்கள். குடும்பம் மதுரையிலோ திருச்சியிலோ கோவையிலோ இருக்கும். கணவரோ மனைவியோ வேறு மாவட்டத்தில் வேலை பார்ப்பார். காலை ரயிலைப் பிடித்து வந்து, முகம் காட்டி வருகை பதிந்து, மாலை மறுபடி முகம் காட்டிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். 2025 மே மாதத்திலிருந்து தேசிய மருத்துவ ஆணையம் முக அடையாள வருகைப் பதிவைக் கட்டாயமாக்கியிருக்கிறது. அவர் வளாகத்தில் இருக்கிறார் என்று அந்தப் பதிவு சொல்லும். ஆனால் ஐந்து மணிக்கு மேல் ஒரு மாணவரோடு பத்து நிமிடம் உட்கார்ந்து பேச மனமும் தெம்பும் அவரிடம் மிச்சமிருக்கிறதா என்று அதைப் பார்த்துச் சொல்ல முடியாது.

அதனால்தான் முதலில் ஆசிரியர் என்கிறேன். மெண்டார் (மாணவருக்கு வழிகாட்டும் ஆசிரியர்), சிறப்பு வகுப்பு, கவுன்சிலிங் என்று மாணவருக்கு நீங்கள் திட்டமிடும் எல்லாவற்றையும் செய்யப்போவது இந்த மனிதர்தான். அவர் எந்நேரமும் மாறுதல் விண்ணப்பத்தையே யோசித்துக்கொண்டிருந்தால் எந்தத் திட்டமும் நிற்காது.

என்ன செய்யலாம்? குடியிருப்பு கட்டும்வரை காத்திருக்க வேண்டாம். ஊரில் வாடகைக்குக் கிடைக்கும் வீடுகள், பள்ளிக்கூடங்கள், குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் இடங்கள் பற்றி ஏற்கெனவே அங்கே குடியிருக்கும் ஒரு ஆசிரியர் புதியவருக்குச் சொல்லட்டும், முடிந்தால் கூட்டிக்கொண்டு போய்க் காட்டட்டும். தினமும் வந்துபோகிறவர்களுக்குக் காலை எட்டு மணி வகுப்பைப் போடாதீர்கள். ரயில் தாமதமானால் 150 பேர் சும்மா உட்கார்ந்திருப்பார்கள், அவர் குற்ற உணர்வோடு ஓடி வருவார். உள்ளூரில் தங்கியிருப்பவர் காலை வகுப்பை எடுக்கட்டும். அதற்கு ஈடாக அவருக்கு வேறு சுமையைக் குறையுங்கள், இல்லாவிட்டால் தங்கியவர்தான் தண்டனை அனுபவிப்பார்.

இரண்டாவது, பாடம் நடத்தக் கற்றுக்கொடுங்கள். மருத்துவத்தில் இது வினோதமான நிலைமை. எம்.டி. மூன்று வருடம், ஆனால் 150 பேருக்கு முன்னால் நின்று ஒரு மணி நேரம் எப்படிப் பேசுவது என்று யாரும் உட்கார வைத்துச் சொல்லித்தருவதில்லை. மருத்துவக் கல்விக்கான மூன்று நாள் அடிப்படைப் பயிற்சி இருக்கிறது, ஆராய்ச்சி முறைக்கான ஆன்லைன் படிப்பு இருக்கிறது, இரண்டும் பதவி உயர்வுக்கும் தேவைப்படுபவை. யார் எப்போது போவது என்று வருடத் தொடக்கத்திலேயே பட்டியல் போட்டுவிடுங்கள். ஆனால் அந்த மூன்று நாள் மட்டும் போதாது. புதியவரின் முதல் பத்து வகுப்புகளில் இரண்டிலாவது ஒரு மூத்த ஆசிரியர் கடைசி வரிசையில் உட்காரட்டும். குறை எழுதுவதற்காக அல்ல. வகுப்பு முடிந்ததும் டீ குடித்துக்கொண்டே, "அந்த ஆக்ஷன் பொடென்ஷியல் படத்தைப் போர்டில் வரைஞ்சீங்களே, அப்பதான் பசங்க நிமிர்ந்து பார்த்தாங்க. ஸ்லைடைக் குறைச்சுட்டு இன்னும் ரெண்டு படம் வரைங்க டாக்டர்" என்று சொன்னால் போதும். எனக்கு அப்படிச் சொல்ல ஒரு பேராசிரியர் கிடைத்தார். இன்றுவரை நான் சாக்பீஸ் இல்லாமல் வகுப்புக்குப் போனதில்லை.

மூன்றாவது, துறைக்கு ஒரு பொதுக் கோப்பு. பாடக் குறிப்பு, ஸ்லைடு, செய்முறைத் தேர்வுக் கேள்விகள், இன்டர்னல் (கல்லூரிக்குள் நடக்கும் தேர்வு) தாள்கள் எல்லாம் தனி ஒருவருடைய பென் டிரைவில் இருக்கக்கூடாது. இரண்டு, மூன்று பேரே உள்ள துறையில் ஒருவர் மகப்பேறு விடுப்பில் போனால் மற்றவர் அடுத்த நாளே அவர் பாடத்தை எடுத்தாக வேண்டியிருக்கும். பக்கத்து மாவட்டக் கல்லூரியின் அதே துறையோடும் பேசிப் பகிர்ந்துகொள்ளுங்கள்.

அப்புறம், காகித வேலை. ராகிங் தடுப்புக் குழு, விடுதிக் குழு, மெஸ் குழு, ஆணையத்துக்கு அனுப்பும் படிவங்கள், லாக் புக் கையெழுத்து. இவையெல்லாம் எப்போதும் "முடியாது" என்று சொல்லத் தெரியாத அதே நான்கு பேரிடம்தான் போய்ச் சேரும். ஒரு தாளில் யாரிடம் எத்தனை குழு என்று எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். கண்ணுக்குத் தெரிந்தாலே பாதி சரியாகும்.

படி 3: பிந்தி வந்தவர்களுக்கு இன்னொரு முதல் நாள்

முதலாமாண்டின் தொடக்கத்தில் அறிமுகப் பயிற்சி நடக்கும். வளாக அறிமுகம், கணினி, மொழி, முதலுதவி, மருத்துவ நெறி எல்லாம் அதில் உண்டு. நல்ல ஏற்பாடு. ஆனால் கலந்தாய்வு பல சுற்றுகளாக நடக்கிறது, கடைசிச் சுற்றில் இடம் கிடைத்தவர்கள் வந்து சேரும்போது அறிமுகப் பயிற்சி முடிந்து, உடலை அறுத்துப் படிக்கும் டிஸெக்ஷன் ஹாலில் கைப் பகுதிப் பாடம் பாதி முடிந்திருக்கும். அறைத் தோழர்கள் ஏற்கெனவே நண்பர்களாகியிருப்பார்கள். மேசைக்கு மேசை குழு பிரிந்திருக்கும். இவர்கள் ஓரமாக நிற்பார்கள்.

முதல் இன்டர்னலில் தவறுகிறவர்கள் பட்டியலை நான் ஒவ்வொரு வருடமும் சேர்ந்த தேதியோடு வைத்துப் பார்ப்பேன். பிந்தி வந்தவர்கள் பெயர் அதில் திரும்பத் திரும்ப வரும். புத்தி குறைவா? இல்லவே இல்லை. மூன்று வாரப் பாடம் போய்விட்டது, அவ்வளவுதான். எனவே பிந்தி வருகிறவர்களுக்கென்று இரண்டு முழு நாள் ஒதுக்கி அறிமுகத்தை மறுபடி நடத்துங்கள். டிஸெக்ஷன் மேசையில் ஒருவரை அவர்களுக்குத் துணையாகக் காட்டுங்கள். விட்டுப்போன பாடங்களில் எவை அடிப்படை என்று துறைக்கு ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள். நாற்பது தலைப்பு விட்டுப்போயிருந்தால் அவற்றில் எட்டுத்தான் உடனே வேண்டும், மீதியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஆசிரியர் வாயால் கேட்டாலே அந்தப் பிள்ளைக்கு மூச்சு வரும்.

படி 4: மொழி. இதற்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும்

2020-இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்தபிறகு நம் வகுப்பறைகள் மாறியிருக்கின்றன. கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. இந்தப் பிள்ளைகளில் பலர் தமிழ் வழியில் படித்தவர்கள். அவர்கள் குடும்பத்தில், சில சமயம் அவர்கள் தெருவிலேயே, கல்லூரிக்குப் போகும் முதல் ஆள் இவர்கள்தான்.

ஒரு வைவா நினைவுக்கு வருகிறது. ஒரு பையனிடம் மூச்சு விடுவதை மூளை எப்படிக் கட்டுப்படுத்துகிறது என்று கேட்டேன். பேசாமல் நின்றான். அடுத்தது கேட்டேன், அதற்கும் மௌனம். மதிப்பெண் போடப் பேனாவை எடுத்தபோது, "தெரியும் சார், சொல்ல வரல" என்றான். "தமிழ்ல சொல்லுப்பா" என்றேன். ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு கூடினால் என்ன நடக்கும், முகுளம் அதை எப்படி உணர்கிறது என்று அருவி மாதிரி கொட்டினான். வகுப்பில் முதல் பத்துப் பேர் சொல்லியிருக்கக்கூடிய பதில். அதற்கு முந்தைய மூன்று இன்டர்னலிலும் அவனை "வீக்" என்று நானே குறித்திருந்தேன். அந்தத் தப்பு என்னுடையது. அன்றிலிருந்து இந்த விஷயத்தில் நான் விடாப்பிடி.

செய்ய வேண்டியவை என்று எனக்குத் தெரிந்தவை இவை. வகுப்பில் கருத்தைத் தமிழில் விளக்குங்கள், கலைச்சொல்லை ஆங்கிலத்திலேயே போர்டில் எழுதுங்கள், பிறகு அந்தக் கலைச்சொல் வருகிற ஒரு முழு ஆங்கில வாக்கியத்தைச் சொல்லி எல்லோரையும் எழுத வையுங்கள். பரீட்சைக்கு வேண்டியது அந்த வாக்கியம்தான். கலைச்சொற்களைப் பிரித்துக் காட்டுங்கள்: 'ஹைப்போ' என்றால் குறைவு, 'ஹைப்பர்' என்றால் அதிகம், 'ஐட்டிஸ்' என்று முடிந்தால் அழற்சி, 'எக்டமி' என்று முடிந்தால் வெட்டி எடுப்பது. முப்பது, நாற்பது துண்டுகள் தெரிந்தால் நூற்றுக்கணக்கான சொற்கள் திறந்துகொள்ளும். இதை ஒரே நாளில் பட்டியலாகக் கொட்டாதீர்கள், தினமும் இரண்டு போதும்.

எழுத்துக்கு, வாரம் ஒரு சிறு விடை. ஐந்து மதிப்பெண் கேள்வி, பத்து நிமிடம், வகுப்பிலேயே. திருத்தும்போது இலக்கணத்துக்கு மதிப்பெண் குறைக்காதீர்கள், ஆனால் சரியான வாக்கியத்தை மேலே எழுதிக் கொடுங்கள். 150 தாளை வாராவாரம் திருத்த முடியாது என்பது உண்மை, எனவே வகுப்பைக் குழுக்களாகப் பிரித்து, ஒரு வாரம் ஒரு குழு என்று சுற்றில் விடுங்கள்.

பேச்சுக்கு, ஜோடிப் பயிற்சி. தினமும் செய்முறை வகுப்பின் கடைசி ஐந்து நிமிடம், பக்கத்தில் இருப்பவரிடம் ஒருவர் கேள்வி கேட்க மற்றவர் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். ஆசிரியர் கேட்டுக்கொண்டு நிற்கக்கூடாது, நடந்துகொண்டே இருக்க வேண்டும்.

ஒரு விஷயத்தை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் செய்யாதீர்கள். "தமிழ் மீடியம் பசங்க எல்லாம் நாலு மணிக்கு வாங்க" என்று வகுப்பில் அறிவிக்காதீர்கள். ஒரு வாரத்தில் அது பட்டப் பெயராகிவிடும்.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. அகில இந்திய ஒதுக்கீட்டின் 15 சதவீத இடங்களில் ராஜஸ்தானிலிருந்தும் கேரளத்திலிருந்தும் பிள்ளைகள் வருகிறார்கள். அவர்களுக்கு வைவா பிரச்சினை இல்லை, வார்டில்தான் திணறுவார்கள். நோயாளி பாடப் புத்தகத் தமிழ் பேச மாட்டார். "மேலுக்கு முடியல", "நெஞ்சு கரிக்குது", "வயித்தால போகுது", "கிறுகிறுன்னு வருது" என்பார். தமிழ்நாட்டுப் பிள்ளைகளிலேயே நகரத்தில் வளர்ந்தவர்களுக்குச் சிலது புரியாது. நாங்கள் செய்தது இதுதான்: அரசுப் பள்ளியிலிருந்து வந்த ஒருவரையும் வெளிமாநிலத்திலிருந்து வந்த ஒருவரையும் ஜோடி சேர்த்தோம். ஒருவர் வார்டுத் தமிழ் கற்றுக்கொடுப்பார், மற்றவர் வைவா ஆங்கிலம் கற்றுக்கொடுப்பார். யாரும் யாருக்கும் தயவு செய்யவில்லை, கொடுக்கல் வாங்கல்தான். அதனாலேயே அது நின்றது. இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றை மட்டும் எடுத்துச் செய்வதாக இருந்தால் இதைச் செய்யுங்கள் என்று சொல்வேன்.

படி 5: மெண்டார் என்றால் ஒரு நோட்டு, ஒரு கிழமை, ஐந்து கேள்வி

எல்லாக் கல்லூரியிலும் மெண்டார் பட்டியல் இருக்கும், ஆய்வுக்கு வருகிறவர்களுக்குக் காட்ட. அது வேலை செய்ய வேண்டுமானால் ஒருவருக்கு ஐந்தாறு மாணவருக்கு மேல் கொடுக்காதீர்கள், கிளினிக்கல் துறை ஆசிரியர்களையும் சேர்த்துக்கொண்டால் இது முடியும். மாதத்தில் இரண்டு தடவை, நிலையான கிழமை, நிலையான நேரம், பேசியதைக் குறிக்க ஒரு நோட்டு. கூட்டம் வேண்டாம், கேன்டீனில் டீயோடு உட்காருங்கள்.

சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா, வீட்டில் எல்லோரும் எப்படி இருக்கிறார்கள், பணத்துக்கு ஏதாவது கஷ்டமா, எந்தப் பாடம் இழுக்கிறது. இந்த ஐந்தும் போதும். "எப்படிப் படிக்கிற?" என்று தொடங்கினால் "நல்லா படிக்கிறேன் மேடம்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். பணக் கேள்வியை விடாதீர்கள். கட்டணத்தை அரசு கட்டினாலும் புத்தகம், வெள்ளைக் கோட், எலும்பு செட், ரெக்கார்டு நோட்டு, ஊருக்குப் போய்வரச் செலவு இதெல்லாம் வீட்டுப் பாடுதான். எலும்பு செட்டையும் புத்தகங்களையும் துறையே வாங்கி வைத்து வருடாவருடம் இரவல் கொடுத்து வாங்கலாம். பழைய மாணவர்களிடம் கேட்டால் தருவார்கள்.

எப்போது மெண்டாருக்குத் தகவல் போக வேண்டும் என்பதற்கு எழுதப்பட்ட விதி வேண்டும். தொடர்ந்து மூன்று நாள் வரவில்லை, ஒரு இன்டர்னல் எழுதவில்லை, ஒரு பாடத்தில் பாதிக்குக் கீழே, மெஸ்ஸில் சாப்பிடுவதே இல்லை என்று வார்டன் சொல்கிறார். இதில் எது நடந்தாலும் அன்றே போன் போக வேண்டும். தேர்வுக்கு உட்காரத் தியரியில் 75, செய்முறையில் 80 சதவீத வருகை வேண்டும். கணக்கை வருடக் கடைசியில் எடுத்துப் பார்த்து யாருக்கும் பயனில்லை, மாதாமாதம் மாணவர் கையிலேயே கொடுங்கள்.

முதலாமாண்டில் தவறியவர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். முதல் தொழில்முறைத் தேர்வுக்கு (முதலாமாண்டு முடிவில் வரும் பல்கலைக்கழகத் தேர்வு) நான்கு வாய்ப்புகள்தான், மொத்தப் படிப்பையும் ஒன்பது வருடத்துக்குள் முடிக்க வேண்டும். சப்ளிமென்டரி மறுதேர்விலும் தவறியவர் தன் பேட்ச்சை விட்டு ஜூனியர்களோடு உட்கார வேண்டிவரும். விடுதியில் பழைய நண்பர்கள் வார்டுக் கதை பேசுவார்கள், இவர் மறுபடி அதே டிஸெக்ஷன் ஹாலுக்குப் போவார். அந்த மாதங்களில் அவரைத் தனி அறையில் போடாதீர்கள். பாடம் சொல்லித்தரும் ஆசிரியர் ஒருவர், மனம்விட்டுப் பேச இன்னொருவர் என்று இரண்டு பேரைக் குறிப்பிட்டுக் கொடுங்கள். தேர்வில் அவருக்கு மதிப்பெண் போடப்போகிறவர் அந்த இரண்டாவது ஆளாக இருக்கக்கூடாது.

படி 6: மனசு உடைந்தவர், ராகிங்

இரண்டும் சேர்ந்தே வரும், அதனால் ஒரே இடத்தில் சொல்கிறேன். வளாகத்திலேயே மனநலத் துறை இருக்கிறதே என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். அந்த ஓ.பி.யில் உட்கார்ந்திருக்கும் டாக்டர்தான் நாளை அவர்களுக்கு வகுப்பெடுப்பார். வரிசையில் நின்றால் கூடப் படிக்கிறவன் பார்ப்பான். எனவே பக்கத்து மாவட்டக் கல்லூரியின் மனநலத் துறையோடு பேசி, அவர்கள் மாணவர் இங்கே, நம் மாணவர் அங்கே, போனிலோ நேரிலோ என்று ஒரு ஏற்பாடு செய்யுங்கள். அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸ் எண் 14416, 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். அதை விடுதிக் குளியலறைக் கதவுகளின் உட்பக்கம் ஒட்டுங்கள். நோட்டீஸ் போர்டில் ஒட்டினால் யாரும் நின்று படிக்க மாட்டார்கள்.

"இருந்து என்ன ஆகப்போகுது" என்கிற மாதிரி ஒரு பிள்ளை பேசினால் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளுங்கள். சாகத் தோன்றுகிறதா என்று நேராகவே கேட்கலாம், கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. தனியாக விடாமல் யாராவது ஒருவர் கூடவே இருக்க வேண்டும், அன்றே மனநல மருத்துவரிடம் அழைத்துப் போக வேண்டும். ஆசிரியருக்கும் இதே வழி திறந்திருக்க வேண்டும். அவர்களும் உடைகிறார்கள், அதை வெளியே சொல்வதற்கு அவர்களுக்கு இன்னும் கூச்சம் அதிகம்.

ராகிங்குக்கு எதிராகத் தமிழ்நாட்டில் 1997-லிருந்தே தனிச் சட்டம் இருக்கிறது. தேசிய உதவி எண் 1800-180-5522. குழுவின் பெயர்ப் பலகையைவிட முக்கியம், முதல் மூன்று மாதம் ராத்திரி பத்திலிருந்து பன்னிரண்டு வரை யாராவது ஒரு ஆசிரியர் விடுதிப் பக்கம் நடந்து வருவது.

படி 7: ஆஸ்பத்திரியே பாடப் புத்தகம்

மாவட்டக் கல்லூரியின் உண்மையான செல்வம் அதன் நோயாளிகள். "இங்க ஒரு கேஸும் இல்ல சார்" என்று மாணவர் சொல்லும்போது எனக்குக் கோபம் வரும். இதயமாற்று இல்லை, சரி. பாம்புக்கடி இருக்கிறது, பூச்சிமருந்து குடித்தவர் இருக்கிறார், உண்ணிக் காய்ச்சல் இருக்கிறது, நெடுஞ்சாலை விபத்து இருக்கிறது.

பாம்புக்கடியையே எடுத்துக்கொள்ளுங்கள். ரத்தத்தைச் சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் விட்டு, இருபது நிமிடம் அசைக்காமல் வைத்து, பிறகு சாய்த்துப் பார்த்தால் உறைந்திருக்கிறதா என்று தெரியும். கண்ணாடி விரியன் மாதிரி ரத்தம் உறைவதைக் கெடுக்கும் பாம்பின் விஷம் ஏறியதா என்பதற்கு இவ்வளவு எளிய சோதனை. இதை ஒரு மாணவர் கையால் செய்து, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு இருபது நிமிடம் நோயாளி பக்கத்தில் உட்கார்ந்தால், பேத்தாலஜியில் படித்த ரத்த உறைதல் மொத்தமும் வாழ்நாளுக்கு மறக்காது. உண்ணிக் காய்ச்சலில் பலருக்கு அக்குளிலோ தொடையிடுக்கிலோ சிகரெட் சுட்டது மாதிரி ஒரு கறுத்த பொருக்கு இருக்கும், தேடினால்தான் தெரியும். அதைத் தேடிப் பிடித்த மாணவி அன்று முழுக்கச் சிரித்துக்கொண்டே இருந்தாள்.

சிக்கல் எங்கே என்றால், ஓ.பி.யில் கூட்டம் நெருக்கும்போது சொல்லிக்கொடுக்க நேரமில்லை. அதற்கு ஐந்து நிமிட முறை ஒன்று இருக்கிறது. நோயாளியைப் பார்த்த மாணவரிடம் முதலில், "உனக்கு என்னன்னு தோணுது?" என்று கேளுங்கள். ஏதாவது ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். "எதை வச்சு சொல்ற?" அடுத்தது. பிறகு பொதுவான ஒரே ஒரு விதியைச் சொல்லிக்கொடுங்கள். சரியாகச் செய்ததைக் குறிப்பிட்டுச் சொல்லுங்கள். தப்பைத் திருத்துங்கள், நோயாளி முன்னால் அல்ல. ஒரு ஓ.பி.யில் இப்படி மூன்று நோயாளிகள் போதும்.

மேல்சிகிச்சைக்கு அனுப்பிய நோயாளியின் கதையும் அங்கேயே முடிந்துவிடக்கூடாது. ஒரு மாணவர் இரண்டு நாள் கழித்து அந்தப் பெரிய ஆஸ்பத்திரியில் விசாரித்து, என்ன கண்டுபிடித்தார்கள், என்ன செய்தார்கள் என்று வாரக் கடைசியில் எல்லோருக்கும் சொல்லட்டும்.

ஊர்ப்புறக் குடும்பங்களைத் தத்தெடுத்துப் பின்தொடரும் திட்டத்தில் ஒவ்வொரு மாணவருக்கும் மூன்று முதல் ஐந்து குடும்பங்கள் கிடைக்கும். இதை வெறும் படிவம் நிரப்பும் பயணமாக விடாதீர்கள். போகும் முன் அந்தக் கிராமச் சுகாதார செவிலியரைக் கல்லூரிக்கு அழைத்து ஒரு மணி நேரம் பேச வையுங்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. அதில் சர்க்கரை, பிரஷர் மாத்திரையை வீடு தேடிக் கொடுக்கும் பெண்களோடு மாணவர்கள் ஒரு நாள் நடக்கட்டும். ஒருவர் ஏன் மாத்திரையை நிறுத்துகிறார் என்பது அன்று தெரிந்துவிடும்.

படி 8: பயிற்சி மருத்துவர்களின் இரவு

முதலாமாண்டிலேயே ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசியைத் தொடங்கிவிடுங்கள், பூஜ்யம், ஒன்று, ஆறு மாதம் என்று மூன்று டோஸ். வார்டுக்குப் போகும் வருடத்தில் நினைத்துக்கொண்டால் தாமதம்.

ஊசி குத்திவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும் என்றுதான் நினைப்போம். சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவ வேண்டும், அழுத்திப் பிதுக்கக்கூடாது, உடனே தெரிவிக்க வேண்டும், எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை முடிந்தால் இரண்டு மணி நேரத்துக்குள், அதிகபட்சம் 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு அந்த மருந்து எந்த அலமாரியில், சாவி யாரிடம்? இதைச் சோதித்துப் பாருங்கள். நீங்களே ஒரு ராத்திரி போய்க் கேளுங்கள். நான் கேட்ட ஒரு இடத்தில் சாவி ஊரில் இருக்கும் ஒருவரின் வீட்டில் இருந்தது. மறுநாளே கேஷுவல்ட்டியில் ஒரு டப்பா வைக்கப்பட்டது.

ஓய்வறை ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனியாக, உள்ளே தாழ்ப்பாளோடு. இரவுச் சாப்பாடு. கேஷுவல்ட்டியில் உறவினர் கூட்டம் கொதித்தால் யாரை அழைப்பது என்ற எண். மருத்துவமனைத் தாக்குதலுக்கு எதிராக 2008-இல் வந்த மாநிலச் சட்டம் இருக்கிறது, புகாரைப் பயிற்சி மருத்துவர் தனியாகப் போய்க் கொடுக்க விடாமல் நிர்வாகமே கொடுக்க வேண்டும். உதவித்தொகை மாதாமாதம் வருகிறதா என்று பாருங்கள், அதை நம்பி வீட்டுக்குப் பணம் அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள்.

படி 9: நீங்கள் மாறுதலாகிப் போகும்போது

போவீர்கள். நானும் போனேன். அரசுப் பணியில் இது வரும். நான் முதல் தடவை போனபோது மெண்டார் நோட்டை மேசை இழுப்பறையில் வைத்துவிட்டு அவசரமாகக் கிளம்பிவிட்டேன். ஆறு மாதம் கழித்து ஒரு மாணவி போன் செய்து, "சார், புதுசா வந்த மேடமுக்கு என்னைப் பத்தி ஒண்ணும் தெரியல, திரும்ப முதல்லேர்ந்து சொல்ல எனக்குக் கஷ்டமா இருக்கு" என்றாள்.

எனவே ஆர்டர் வந்த அன்றே ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். துறைக் கோப்பின் பாஸ்வேர்டு, பக்கத்துக் கல்லூரியில் பேச வேண்டிய ஆள், எலும்பு செட் யார் யாரிடம் இருக்கிறது என்ற பட்டியல், மொழி ஜோடிகளின் பட்டியல், அடுத்த மாதம் யாருக்கு வருகை குறையப்போகிறது என்ற கணக்கு. உங்கள் ஐந்தாறு மாணவர்களிடமும் எதைப் புதியவரிடம் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்று கேளுங்கள். அவர்கள் சம்மதித்ததை மட்டும் எழுதுங்கள். பிறகு புதியவரைக் கூட்டிக்கொண்டு அதே கேன்டீனுக்குப் போய், அதே மேசையில், எல்லோரோடும் ஒரு டீ குடித்துவிட்டு ரயில் ஏறுங்கள்.